நடுவில் நிறுத்திய குச்சி

பியானோக்காரத் தம்பிக்கு,

சின்னவனின் அண்ணன் எழுதுவது. இங்கே நானும் உன் அண்ணியும் உயிரோடு இருக்கிறோம். நீயும் அப்படியே இருப்பாய் என்று நினைக்கிறேன். நீ இப்போது பெரிய ஆளாம், "நீங்கள்" என்றுதான் எழுத வேண்டுமாம். சின்னவனின் மகள் சொல்கிறாள். என் வீட்டு அடுக்களையில் நின்றபடியே தட்டை வழித்துச் சாப்பிட்டவனை அப்படி எழுத என் கைக்கு வராது. பொறுத்துக்கொள். முடியாவிட்டால் அதுவும் சரி.

சின்னவனின் இசைத்தட்டோடு சேர்த்து வைக்க அவனைப் பற்றி நீ எழுதிய சிறு புத்தகத்தின் அச்சுப்படி வந்தது. மகள் சத்தமாக வாசித்துக் காட்டினாள். பிறகு கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நானே இரண்டு தடவை வாசித்தேன். நான் ஐந்து வருடத்துக்கு மேல் பள்ளிக்கூடத்தில் உட்கார்ந்தவன் இல்லை. மேசை நாற்காலி செய்கிற தொழிலைக்கூட யாரிடமும் போய்க் கற்கவில்லை. உடைந்ததைப் பிரித்துப் பார்த்துக் கற்றேன். படிப்பும் அப்படித்தான். அதனால் ஒரு வரி ஆடினால் எனக்குத் தெரியும். உன் புத்தகத்தில் நிறைய ஆடுகிறது.

மாத முடிவுக்குள் நான் சம்மதக் கையெழுத்துப் போட வேண்டும், அவனுடைய டபுள் பேஸை, அந்த ஆள் உயரத் தந்தி வாத்தியத்தை, உங்கள் அரங்கத்தின் கண்ணாடிக் கூண்டில் வைக்கக் கொடுக்க வேண்டும் என்கிறாய். இரண்டும் என்னிடம்தான் இருக்கின்றன. முதலில் நான் சொல்வதைக் கேள்.

மூன்றாம் பக்கத்தில் "தெய்வம் தொட்ட விரல்கள்" என்று எழுதியிருக்கிறாய். தெய்வம் எப்போது வந்து தொட்டது என்று எனக்குத் தெரியாது. தினமும் ஏழு மணி நேரம் என் பட்டறையில் மரத்தூளுக்கு நடுவே நின்று அந்தத் தடித்த தந்திகளை இழுத்தவன் அவன். விரல் நுனியில் தோல் காய்த்து, தந்தியில் உரசிச் சத்தம் வருகிறது என்று என் உப்புத்தாளை எடுத்துத் தேய்த்துக்கொள்வான். "டேய், அது கட்டில் காலுக்கு வாங்கினதுடா" என்பேன். "இதுவும் கால்தான் அண்ணே, பாட்டுக்குக் கால்" என்பான். பியானோவும் எக்காளமும் மேலே துள்ளிக்கொண்டிருக்கும்போது கீழே தாங்குகிறவன் தான்தான் என்று அவனுக்குத் தெரியும். உனக்கும் தெரியும். மேடையில் நீ வழி தவறிப்போன இரவுகளில் யார் உன்னைத் திரும்பக் கூட்டிவந்தது என்பதை நீ எழுதவில்லை.

ஏழாம் பக்கத்தில் அவனுடைய பித்துதான் அவன் இசையின் ஊற்று என்று போட்டிருக்கிறாய். படித்தவர்களுக்கு அது பிடிக்கும் போலிருக்கிறது. நோய் வந்த நாட்களில் அவன் வாசிக்கவே இல்லை, தம்பி. ஆறு நாள் கண் மூடாமல், குழாய்த் தண்ணீர் சொட்டுவது தன் பெயரைச் சொல்கிறது என்று வீட்டிலுள்ள குழாய்களையெல்லாம் துணியால் கட்டினான். கொட்டுகிற மழையில் டபுள் பேஸைத் தெருவில் நிறுத்தி அதனிடம் மன்னிப்புக் கேட்டான். என் மனைவியை யாரோ வேற்றாள் என்று நினைத்து அறைக்கதவைச் சாத்தினான். அவள் வெளியே உட்கார்ந்து, "நான்தாண்டா, உனக்குச் சோறு போட்டவ" என்று மத்தியானம் முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தாள். அவனைப் பெண்டாட்டி விட்டுப்போனதும் அந்த வருடம்தான். அவளைக் குறை சொல்ல மாட்டேன். அதில் எந்த ஊற்றும் இல்லை. அவன் வாசித்ததெல்லாம் அது விட்டுவைத்த நாட்களில் வாசித்தது.

அவன் மூன்று ஒத்திகைக்கு வரவில்லை என்றதும் நான்காம் நாள் வேறு ஆளைப் போட்டாய். அதுவும் புத்தகத்தில் இல்லை. போகட்டும்.

நான் எழுத உட்கார்ந்தது பதினான்காம் பக்கத்துக்காக. "முப்பது ஆண்டுகள் தோளில் சாய்த்திருந்த வாத்தியத்தையே கடைசியில் அவனால் அடையாளம் காண முடியவில்லை. அந்த மகத்தான செவி சிதைந்துவிட்டது." மகள் இதை வாசிக்கும்போது குரல் மாறாமல்தான் வாசித்தாள். அவளுக்குப் பழக்கம். அப்பா இறக்கும்போது அவளுக்குப் பதினாறு வயது. அன்றிலிருந்து என் வீட்டில்தான் இருக்கிறாள். ஃபிரிட்ஜ் சத்தம் கொஞ்சம் மாறினால்கூட, "பெரியப்பா, உங்களுக்கும் கேக்குதா?" என்று கேட்பாள். எனக்கும் கேட்கிறது என்று சொன்ன பிறகுதான் அவளுக்கு மூச்சு வரும். இருபத்தேழு வயதுப் பெண், தன் காதைத் தானே நம்புவதில்லை. காரணம் பதினான்காம் பக்கத்தில் இருக்கிறது. அதை எழுதியது நீ. எழுத வைத்தது நான்.

இத்தோடு இன்றைக்கு நிறுத்துகிறேன். கை வலிக்கிறது.

மறுநாள் காலை.

கை வலி என்று எழுதியது பொய். பட்டறைக்குப் போய் ஒன்றும் செய்யாமல் உட்கார்ந்திருந்தேன்.

இரண்டாம் தடவை அவனை ஆஸ்பத்திரியில் சேர்த்தது உனக்கு நினைவிருக்கும். டபுள் பேஸ் இல்லாமல் வர மாட்டேன் என்றான். அந்த வார்டில் பெல்ட், கயிறு, காலணி நாடா எதற்கும் அனுமதி இல்லை. தலைமை நர்ஸ் நல்ல பெண்மணி. "வாத்தியம் மூலையில நிக்கட்டும். ஆனா கம்பி ஒண்ணுகூட இருக்கக் கூடாது" என்றார். ஆஸ்பத்திரி நடைபாதையில் அதைப் படுக்கவைத்து நான்கு தந்திகளையும் ஒரே மூச்சில் கழற்றினேன். வாத்தியத்தின் மரப்பெட்டிக்குள் "டொக்" என்று ஏதோ விழுந்து உருண்டது. அவன் அப்போது மருந்தில் அரைத்தூக்கத்தில் இருந்தான். நான் பேசாமல் தூக்கி நிறுத்தினேன்.

ஏழு வாரம் அவன் தந்தியில்லாத டபுள் பேஸை வாசித்தான். இடக்கை அழுத்தும், வலக்கை காற்றை இழுக்கும். மற்ற நோயாளிகள் கட்டிலைச் சுற்றி உட்கார்ந்து கேட்பார்களாம். ஒரு பெரியவர், "பையன் நல்லாத்தான் வாசிக்கிறான், சத்தம்தான் ஜாஸ்தி" என்று புகார் சொன்னாராம். நர்ஸ் சொன்னபோது நான் சிரித்தேன். அவனும் சிரித்தான். தெளிந்துகொண்டிருந்தான், தம்பி. அதை நீ தெரிந்துகொள்ள வேண்டும். அந்த ஏழு வாரத்தில் அவன் மெல்ல மெல்லத் திரும்பி வந்துகொண்டிருந்தான்.

அவன் வீட்டுக்கு வருவதற்கு முதல் நாள், தந்தி மாட்டித் தயாராக வைக்கலாம் என்று வாத்தியத்தைப் பட்டறைக்குக் கொண்டுவந்து பெட்டிக்குள் விளக்கடித்துப் பார்த்தேன். கட்டைவிரல் தடிமனில் ஒரு மரக்குச்சி கிடந்தது. மேல்பலகைக்கும் அடிப்பலகைக்கும் நடுவே நிற்க வேண்டியது. ஆணி இல்லை, பசை இல்லை. தந்திகளின் இறுக்கத்தில் மட்டும் நிற்குமாம். அது எனக்கு அப்போது தெரியாது. வாத்தியம் பழுது பார்க்கிறவரிடம் கேட்டிருக்கலாம். இரண்டு வருடத்துக்கு முன்னால் அதே ஆள், "நாற்காலி செய்றவங்க இதுல கை வைக்கக் கூடாதுங்க" என்று கடையில் நாலு பேர் முன்னால் சொன்னார். அவர் படி ஏறுவதில்லை என்று அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன்.

உள்ளே ஒரு ஓரமாக, வெளிறிய வட்டத் தழும்பு ஒன்று இருந்தது. குச்சி முன்பு நின்ற இடம் அது. பார்த்தேன், தம்பி. தெரியாமல் செய்தேன் என்று சொல்ல மாட்டேன். வாத்தியத்தைச் செய்தவன் தப்பான இடத்தில் வைத்திருக்கிறான் என்று நினைத்தேன். மேசைப் பலகை தொய்ந்தால் முட்டு எங்கே கொடுப்போம்? நடுவில். கம்பியை வளைத்து, துளை வழியே விட்டு, அளவு பார்த்து, மிகச் சரியாக நடுவில் நிறுத்தினேன். மேலும் கீழும் பசை வைத்தேன். ஆடுகிற பொருளை ஆடாமல் செய்வதுதான் என் தொழில். இனி ஆயுசுக்கும் அசையாது என்று உன் அண்ணியிடம் பெருமையாகச் சொன்னேன். எது என்று அவளும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

அவன் வீட்டுக்கு வந்து பத்து நாள் கழித்து நீ ஒலிப்பதிவுப் பெட்டியோடு வந்தாய். மூன்று நிமிடம் வாசித்தான். நிறுத்தினான். "இது என்னோடது இல்ல. உள்ள யாரோ நிக்கிறான். நிக்கக் கூடாத எடத்துல நிக்கிறான்" என்றான். நீ, "அதெல்லாம் ஒண்ணுமில்லடா, கை பழகணும்" என்றாய். நான் கதவருகே நின்றிருந்தேன்.

மூன்று நாள் கழித்து டாக்டர் அம்மாவிடம் கூட்டிப்போனேன். அங்கேயும் அதையேதான் சொன்னான். அந்த அம்மா அவசரப்படவில்லை. என்னைப் பார்த்து, "வாத்தியத்தை யாராவது பிரிச்சாங்களா? பழுது பாத்தாங்களா?" என்று நேராகவே கேட்டார். நான், "யாரும் தொடலைங்க" என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று பதினைந்து வருடமாக நானே என்னைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். ஒரு குச்சியால் என்ன வந்துவிடும் என்று நினைத்தது உண்மை. அந்தக் கடைக்காரர் காதுக்கு விஷயம் போய்விடும் என்று நினைத்ததும் உண்மை. நோயாளி ஒன்று சொல்கிறான், நான் ஒன்று சொல்கிறேன். யாரை நம்புவார்கள் என்று எனக்கு முன்கூட்டியே தெரிந்திருந்தது. அதுதான் மற்ற இரண்டையும்விடப் பெரிய உண்மை. டாக்டர் அம்மா எழுதிக்கொண்டார். மருந்து கூடியது. கை நடுங்க ஆரம்பித்தது. அவன் டபுள் பேஸைச் சுவர் பக்கம் திருப்பி வைத்துப் போர்வையால் மூடினான். "நீ சொன்னா சரிதான் அண்ணே, எனக்குத்தான் கேக்கல" என்றான். நான்கு வருடம் கழித்து ஒரு மத்தியானம் நாற்காலியில் உட்கார்ந்தபடியே போனான். மருந்து கூடாமல் இருந்திருந்தால் நோய் திரும்ப வந்திருக்காது என்று நான் சொல்லவில்லை. வந்திருக்கலாம். ஆனால் அன்றைக்கு அவன் சொன்னது நோய் இல்லை.

போன மாதம், உங்கள் கூண்டுக்கு அனுப்பும் முன் சரிபார்க்கலாம் என்று மகள் ஒரு பழுது பார்க்கும் பெண்ணைக் கூட்டிவந்தாள். நீளக் குச்சியில் கட்டிய சின்னக் கண்ணாடியை உள்ளே விட்டுப் பார்த்தவள், "யாரு இதை ஒட்டினது? நிக்கக் கூடாத எடத்துல நிக்குதே" என்றாள். அவன் வார்த்தை அப்படியே. பசையை உடைத்து, பழைய தழும்பின் மேல் குச்சியை நிறுத்தி, தந்தியை முறுக்கி, ஒரே ஒரு தடவை இழுத்துவிட்டாள்.

பட்டறைத் தரை அதிர்ந்தது. உன் அண்ணி ஈரக்கையோடு வெளியே வந்தாள். "அப்போ அவன் சொன்னது..." என்று ஆரம்பித்தவள் முடிக்கவில்லை. அன்றிலிருந்து என்னிடம் "சாப்பாடு இருக்கு" என்பதைத் தவிர வேறு பேச்சில்லை. மகள், "யாரு பெரியப்பா ஒட்டினது?" என்றாள். நான்தான் என்றேன். "அப்பாகிட்ட சொன்னீங்களா?" என்றாள். நான் எழுந்துபோனேன். டாக்டர் அம்மா கேட்டதும் நான் சொன்னதும் அவளுக்கு இன்னும் தெரியாது. இந்தக் கடிதத்தைத் தபாலில் போடப் போகிறவள் அவள்தான். உறையை ஒட்டாமல் அவள் கையில் கொடுத்து, முதலில் நீ படி என்று சொல்லப் போகிறேன்.

உன்னையும் நான் சும்மா விடுவதாக இல்லை. உன்னிடம் அந்த ஒலிநாடா இருக்கிறது. போட்டுக் கேள். முப்பது வருடம் அவன் பக்கத்தில் உட்கார்ந்து வாசித்தவன் நீ. அலமாரியைத் தட்டுகிற மாதிரி அந்த டபுள் பேஸ் அன்றைக்கு ஒலித்தது உன் காதில் விழவில்லையா? விழுந்தது. விழுந்ததால்தான் அவன் விரல் போய்விட்டது என்று முடிவு கட்டினாய். நான் தச்சன், எனக்குச் செவி கிடையாது. உன்னிடம் செவி இருந்தது, அவன் சொன்னதை நம்பத்தான் மனம் இல்லை. என் தப்பு பெரிது. உன்னுடையதை நான் சிறிதாக்கித் தர மாட்டேன்.

பதினான்காம் பக்கத்து வரியை எடு. அவன் நோயாளியாக இருந்தான் என்பதை எடுக்காதே, அது உண்மை. கேட்டதைச் சரியாகக் கேட்டான் என்று எழுது. வாத்தியத்தைக் கெடுத்தது அவன் அண்ணன், ஒரு தச்சன், கேட்டபோது மறைத்தான் என்றும் எழுது. அதை அச்சில் பார்த்த பிறகுதான் கையெழுத்து. டபுள் பேஸ் கூண்டுக்கு வராது. மகள் அதன்முன் உட்கார்ந்து ஒற்றைத் தந்தியை இழுத்து இழுத்துக் கேட்டுக்கொண்டிருக்கிறாள். இப்போதெல்லாம் உங்களுக்கும் கேட்கிறதா என்று அவள் என்னிடம் கேட்பதில்லை.

கடைசியாக ஒன்று. அந்த ஒலிநாடாவை இசைத்தட்டின் முடிவில் சேர்க்கிறாய், கடைசிப் பகுதி வெறும் மௌனம், வெட்டிவிடலாம் என்று எழுதியிருக்கிறாய். அதற்கு முன்னால் அவன், "அண்ணே, நீயாவது சொல்லேன்" என்கிறான். பிறகு நீ "சரி, இன்னைக்குப் போதும்" என்று சொல்வதற்குள் பதினொரு விநாடி போகிறது. நீ அனுப்பிய பிரதியை மகளின் கைப்பேசியில் போட்டுக் கேட்டு எண்ணினேன். தம்பி, அது வெறும் மௌனம் இல்லை. அந்தப் பதினொரு விநாடியும் நான் இருக்கிறேன். உன்னைக் கேட்டுக்கொள்கிறேன், வாழ்க்கையில் யாரிடமும் கேட்காதவன் கேட்கிறேன்: அதை வெட்டாதே.

உன் காது கடைசிவரை நன்றாக இருக்கட்டும்.

இப்படிக்கு,
சின்னவனின் அண்ணன்