பலின்வாரா மாளிகையின் ஓரத்து ஜன்னல்

என் கண்ணு நோரீனுக்கு அப்பா எழுதுவது. கடவுள் புண்ணியத்தில் நானும் அம்மாவும் சுகம், கடல் தாண்டிப் பெர்த்தில் நீயும் மாப்பிள்ளையும் குட்டிப்பயல் கோர்மக்கும் சுகமாயிருக்க ஞாயிறுதோறும் மெழுகுவர்த்தி ஏற்றுகிறோம். இங்கே மழை விட்டபாடில்லை, உருளைக்கிழங்கு பாதி அழுகிவிட்டது, அம்மாவுக்கு முழங்கால் வலி அப்படியேதான். குழந்தையின் போட்டோவும், அங்கே பழைய கடையில் கிடைத்ததென்று நீ அனுப்பிய பலின்வாரா மாளிகை அஞ்சலட்டையும் வந்து சேர்ந்தன. எரிந்துபோன அந்த வீட்டின் அட்டைகளை நான் சேர்ப்பதைப் பார்த்து, "நாலு மொட்டைச் சுவரு, அதுக்கு ஒரு ஆல்பம்" என்று உன் அம்மா கேலி செய்வாளே, இந்த முறை அவளே பூதக்கண்ணாடியைத் தேடி எடுத்தாள்.

என்னிடமுள்ள எல்லா அட்டையிலும் மேல்மாடி ஓரத்து ஜன்னல் திறந்தே கிடக்கும், பனிக்காலத்தில் எடுத்த அட்டையில்கூட. பிள்ளை பெற்ற மறுநாள் அந்த வீட்டு எஜமானியம்மாள் இறந்துபோனது அந்த அறையில்தான், பிள்ளையும் தங்கவில்லை. உயிர் வெளியே போகட்டுமென்று வழக்கப்படி ஜன்னலைத் திறந்தவள் அங்கே வேலை பார்த்த உன் அம்மாவின் பெரியம்மா டீலியா. சற்றுப் பொறுத்து, போன உயிர் திரும்பாதபடி மூடியிருக்க வேண்டும், பயத்தில் அவள் அறைப்பக்கமே போகவில்லை. அப்புறம் யார் மூடினாலும் காலையில் திறந்து கிடக்குமாம்.

அட்டையில் இருப்பது ஜன்னல் திறந்த காலி வீடு, ஆள் நடமாட்டமே இல்லை என்று உன் கடிதத்தில் எழுதியிருக்கிறாய். என் கைக்கு வந்த அட்டையில் ஜன்னல் மூடியிருக்கிறது கண்ணு, கேட்டருகே வெள்ளை உடுப்பில் ஒரு பெண் நம்மைப் பார்த்து நிற்கிறாள். எனக்குப் பயமாக இருக்கிறது. அம்மா பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்துவிட்டு, குழந்தையின் போட்டோவை எடுத்தாள். தொட்டிலுக்குப் பின்னால் ஜன்னல் திறந்து கிடக்கிறது. புழுக்கத்துக்குத் திறந்துதான் வைக்கிறோம், பயல் அதையே பார்த்துச் சிரிக்கிறான் என்று நீயே எழுதியிருக்கிறாய். உடனே மூடச் சொல்லித் தந்தி கொடுக்கக் கிளம்பினேன், அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டாள். "வேணாங்க. அவ ஏற்கெனவே உள்ள வந்திருந்தா?"

அதனால் நான் சொல்கிறபடி செய். குழந்தையை மாப்பிள்ளையிடம் கொடுத்து வெளியே அனுப்பு. ஜன்னலை முழுக்கத் திற, தொட்டிலுக்கும் ஜன்னலுக்கும் நடுவில் அவள் வழியை மறித்து நிற்காதே, ஒரு தேநீர் குடிக்கிற நேரம் பொறு. பிறகு டீலியா மாதிரி பயந்து விட்டுவிடாமல் நீயே போய் மூடு. புனித பிரிஜித் உங்கள் மூவரையும் தன் போர்வைக்குள் வைத்துக் காக்கட்டும். மாப்பிள்ளை சிரித்தால் சிரிக்கட்டும், மறந்துவிடாதே. நீயே பார்க்கட்டுமென்று உறைக்குள் வைக்க இப்போதுதான் அட்டையை எடுத்தேன், கேட்டருகே அவளைக் காணோம்.

உன் அப்பா,
மாலக்கி