ஜாங்கிரியின் கண்ணும் அப்பாவின் சொட்டு மருந்தும்

ஆலத்தியூர்,
ஞாயிறு, பூசை முடிந்து வந்து எழுதுவது.

அன்பு மகள் ஏஞ்சல் மேரிக்கு அம்மா எழுதிக்கொள்வது. அடைக்கல மாதா புண்ணியத்தில் நீ மஸ்கட்டில் சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன். இங்கே நான் சுகம். மற்ற இரண்டு பேரைப் பற்றி எழுதத்தான் உட்கார்ந்திருக்கிறேன். போனில் சொல்லலாம் என்றால் உன் அப்பா பக்கத்திலேயே உட்கார்ந்து என் வாயையே பார்க்கிறார், அதனால் வெள்ளிக்கிழமை அங்கே திரும்பும் ஜெயசீலனிடம் இதைக் கொடுத்து அனுப்புகிறேன்.

நீ விட்டுவிட்டுப் போன பூனை ஜாங்கிரிக்கு மூன்று வாரத்துக்கு முன்னால் இடது கண்ணில் தண்ணீர் வடிய ஆரம்பித்தது. உன் அப்பா முப்பது வருசம் சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில் லாரி ஓட்டியவர் அல்லவா, இந்த ஊரில் யார் கண் கலங்கினாலும் அவருக்குத் தூசிதான். "தூசி எனக்குத் தெரியாதா, நீ சும்மா இரு" என்று என் வாயை அடைத்துவிட்டார். தூசி என்றால் ஒரு கண்ணை மட்டும் பார்த்தா விழும் என்று கேட்டால் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போய்விட்டார். நாலு நாளில் தண்ணீர் போய் மஞ்சளும் பச்சையுமாகப் பீளை தள்ளியது. காலையில் இமை ஒட்டிக்கொண்டு திறக்க முடியவில்லை, வெளிச்சத்தைக் கண்டால் கட்டிலுக்கு அடியில் போய்விடும், முன்னங்காலால் தேய்த்துத் தேய்த்து அந்தப் பக்கம் முடியே கொட்டிவிட்டது. வெதுவெதுப்பான தண்ணீரில் பஞ்சை நனைத்துத் துடைத்தது யார், நான். கையில் பிறாண்டல் வாங்கியதும் நான். உன் அப்பா என்ன செய்தார் தெரியுமா, போன மாதம் அவருக்குக் கண்புரை ஆபரேஷன் ஆனதே, அதற்குக் கொடுத்த சொட்டு மருந்தை எனக்குத் தெரியாமல் மூன்று வேளையும் பூனைக்கு விட்டிருக்கிறார். மனுசனுக்குக் கேட்கிற மருந்து பூனைக்குக் கேட்காதா என்ற நினைப்பு.

கண் வீங்கியதைப் பார்த்து நான்தான் இரண்டு பேரையும் செந்துறை கால்நடை மருந்தகத்துக்கு இழுத்துக்கொண்டு போனேன். காய்கறிக் கூடையில் பூனையை வைத்துத் துண்டைப் போட்டு மூடி பஸ்ஸில் போனோம். ஆடும் மாடும் நிற்கிற வரிசையில் கீழத்தெரு வீரமணி, "பூனைக்குமாக்கா சீட்டு வாங்குறீங்க" என்று கேட்டுச் சிரித்தான், எனக்கு மானம் போனது. டாக்டரம்மா ஏதோ சாய மருந்தை விட்டு நீல வெளிச்சம் அடித்ததும் கருவிழியில் பச்சையாக ஒரு கோடு தெரிந்தது. வேறு பூனையின் நகம் பட்டிருக்கும் என்றார். சளி என்றால் பெரும்பாலும் தும்மலோடு இரண்டு கண்ணிலும் வடியும், ஒற்றைக் கண் என்றால் முதலில் கீறலைத்தான் தேட வேண்டுமாம். வேறு மருந்து விட்டீர்களா என்று கேட்டார். உன் அப்பா சட்டைப் பையிலிருந்து பாட்டிலை எடுத்து நீட்டினார். "இத விட்டா கீறல் ஆறாதுங்க, குழியாப் போயிடும், இன்னும் நாலு நாள் விட்டிருந்தா கண்ணே போயிருக்கும்" என்றார் டாக்டரம்மா. பாட்டில் காலியாக இருந்தது. உங்களுக்கு எதை விடுகிறீர்கள் என்று நான் கேட்டேன். "இருந்தது ஒண்ணு. அதுக்குத்தான் மோசமா இருந்துச்சு, நான் நிறுத்திட்டேன்" என்று சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னார். அவருடைய கறுப்புக் கண்ணாடியைப் பிடுங்கிப் பார்த்தேன். கண் ரத்தச் சிவப்பாக இருந்தது. ஆட்டுக்காரர்கள் முன்னால் வைத்துக் கத்தினேன், வெட்கப்படவில்லை.

அங்கிருந்து நேரே அரியலூர் கண் டாக்டரிடம் போனோம். உள்ளே வீக்கம் இருக்கிறதாம், தவறாமல் மருந்து விட்டால் பார்வை தேறும், விட்டுவிட்டால் சொல்ல முடியாது என்றார். ஜாங்கிரிக்குத் தனி மருந்து விட்டதில் கண் பாதி திறந்துவிட்டது. உன் அப்பாதான் தேறவில்லை. மருந்து நேரத்தில் பாட்டிலோடு நான் பின்னால் அலைகிறேன், அவரோ, பூனைக்கு விட்டாயா என்று என்னைக் கேட்கிறார். ஏன் இப்படிச் செய்தீர்கள் என்று நேற்று பிடித்துக்கொண்டேன். "புள்ள போன் போட்டா மொதல்ல பூனையத்தான் கேக்குது, அது கண்ணு போயிட்டா நான் என்னத்தச் சொல்லுவேன்" என்றார். என் கோபம் உன் மேலும் திரும்பியது, அதை மறைக்க மாட்டேன்.

நேரத்துக்குச் சாப்பிடு, டியூட்டி முடிந்து வந்ததும் தூங்கு. மாதா உன்னைக் கைக்குள் வைத்துக் காப்பாற்றட்டும். நீ நர்ஸ், நீ சொன்னால் கேட்பார். இது கிடைத்த அன்றே அப்பாவுக்கு வீடியோ போடு, கண்ணாடியைக் கழற்றச் சொல்லிக் கண்ணைப் பார். அன்றைக்கு ஒரு நாளாவது பூனையைக் கேட்காதே.

உன் அம்மா,
அமலோற்பவம்