நீ சொன்னால்தான் அப்பா சம்மதிப்பார்

புந்தோங், ஈப்போ
14.8.1979

அன்புள்ள அக்காவுக்கு, அப்பா சொல்லச் சொல்லத் தம்பி அர்ச்சுனன் எழுதுவது. இங்கே அனைவரும் சுகம், கால் தேறி வருகிறது, உன் சுகத்துக்கு எழுது என்றார். எழுதிவிட்டேன். அது பொய். அவருக்குப் படிக்கத் தெரியாது, அதனால் இனி உண்மையை எழுதுகிறேன்.

கோலாலம்பூரில் அப்பாவின் தொடை நரம்பை எடுத்துக் காலின் இரத்தக்குழாய் அடைப்பைத் தாண்டித் தைத்தார்களே, அது ஒரு மாதம்கூட ஓடவில்லை. முதலில் பாதம் சூடாகி நாடி துடித்தது, அம்மா தொட்டுத் தொட்டுப் பார்த்துச் சிரித்தார். ஒரு காலையில் ஐஸ்போலக் கிடந்தது. திறந்து இரத்தக் கட்டியை எடுத்தார்கள், மறுபடி நின்றது. டாக்டரை விடாமல் கேட்டேன். நரம்பு மெல்லியது, முழங்காலுக்குக் கீழே குழாய்களும் அடைத்துவிட்டன, வந்த இரத்தத்துக்குப் போக வழியில்லை என்றார். ஈயச் சுரங்கத்தில் பம்பு பார்க்கிற எனக்கு இது புரிகிறது, அம்மாவுக்கு ஏறவில்லை, கண் பட்டதென்று மிளகாய் சுற்றிப் போடுகிறார். ரப்பர் தோட்டத்தில் அப்பாவோடு பால்மரம் வெட்டிய சின்னையா மாமா வந்து, ஒத்தக் கால்ல நின்னாலும் உடையப்பன் தன் நிரை மரத்தையெல்லாம் வெட்டி முடிச்சிட்டுத்தான் வருவான் என்று கேலி பண்ணினார். அப்பா சிரிக்கவில்லை.

பெருவிரல் கறுத்து வாடை வருகிறது. இப்போதென்றால் முழங்காலுக்குக் கீழே காலை எடுக்கலாம், தள்ளினால் மேலே போகும் என்கிறார் டாக்டர். அப்பா ஆஸ்பத்திரியை விட்டு வீட்டுக்கு வந்துவிட்டார். "பெரியவ எழுதுனதாலதான் தைக்க விட்டேன், வெட்டவும் அவளே சொல்லட்டும்லா" என்கிறார். சீமையில் நர்ஸ் படித்த உன்னைத் தவிர யாரையும் நம்பவில்லை. தந்தி அடிக்க விடவில்லை, சாவுச் செய்தி என்று நீ பதறுவாயாம். திருட்டுத்தனமாக அடித்தாலும் நாலு வார்த்தையில் இதை எப்படிச் சொல்வது?

நீ அன்று எழுதியது தப்பில்லை. அதை நினைத்து உட்கார்ந்து அழாதே, நேரமில்லை. கடிதம் கண்டதும் பழனியப்பன் கடைக்குப் போன் போடு, அப்பாவைத் தூக்கி வருகிறேன். எடுத்துவிடுங்கள் அப்பா என்று நேராகச் சொல். போனில் அழுதாயென்றால் அவர் உனக்குத் தைரியம் சொல்லிவிட்டு அப்படியே வீடு திரும்பிவிடுவார்.

இவ்வளவு நேரம் என்னடா எழுதுகிறாய் என்கிறார். மாரியாத்தா உன்னை நல்லா வைக்கட்டும், அந்தக் குளிரில் காலுறை இல்லாமல் தூங்காதே என்று எழுதச் சொன்னார். கீழே இருப்பது அவர் கைநாட்டு. எதற்கு வைக்கிறோம் என்று தெரியாமல்தான் வைத்தார்.

இப்படிக்கு,
உன் அப்பா உடையப்பன்