மூன்றாம் பரணடியில் கிடந்த கொம்பு

ஹம்பேர்க்
12.02.2006, ஞாயிறு

அன்புள்ள தம்பி அல்பேர்ட்,

உறுதியானதை முதலில் எழுதுகிறேன். நீர் கேள்விப்பட்ட வேட்டைக்காடு உண்மையாகவே குத்தகைக்கு வருகிறது. ஏப்ரல் முதலாம் திகதியிலிருந்து பன்னிரண்டு வருடம். பரப்பு முந்நூற்றுப் பன்னிரண்டு ஹெக்டேர். சொன்னவர் கிராமத்துக் காணிக்காரர் சங்கத் தலைவர். அறிவித்தலையும் எடுத்துக் காட்டினார். இரண்டு பேர் சேர்ந்து கையெழுத்து வைத்தால்தான் கொடுப்பார்கள். இருவரும் மூன்று வருடமாவது வேட்டை அனுமதி வைத்திருந்தவர்களாக இருக்க வேண்டும். உமக்கு ஐந்து வருடம், உம்மோடு சேரப்போகிற மகேந்திரராஜாவுக்கு நான்கு. அதில் தடையில்லை.

நேற்று லூனெபுர்க் வரை ரயிலிலும் பிறகு முக்கால் மணித்தியாலம் பஸ்ஸிலும் போனேன். இப்போதைய குத்தகைக்காரர் ஹெர் லூடர்ஸ் காட்டைச் சுற்றிக் காட்டினார். எழுபத்து நான்கு வயது. இருபத்து நான்கு வருடம் வைத்திருந்த காட்டை, முழங்கால் ஏலாது என்று விடுகிறாராம். ஆனால் சேற்றில் என்னைவிட வேகமாக நடந்தார். இதைக் குறித்து வைத்திருக்கிறேன்.

கண்டவை: ஓடைக்கரையில் குளம்புத் தடங்கள். இரண்டு எங்கள் ஊர் மரைமானின் தடமளவு, மற்றவை சிறியவை. கொம்பு உரசிப் பட்டை கிழிந்த மரங்கள் ஆறு. பரண்கள் ஏழு; இரண்டின் ஏணிகள் உக்கிவிட்டன. கலைமான் ஒன்றையும் கண்ணால் காணவில்லை. பெரிய கொம்புள்ளது இருக்கிறதா என்று கேட்டேன். "இருக்கும், இருக்காது" என்றார். தன் பரண்களையும் வேட்டைக் குடிலையும் அடுத்தவருக்குக் காசுக்குக் கைமாற்றப்போகிற மனிதரின் வாயில் வரும் இந்தப் பதில் எனக்குப் பிடிக்கவில்லை.

உம்மிடமும் ஒரு கேள்வி. ஊரில் பத்திரிகையும் இங்கே மாத இதழுமாக நாற்பது வருடம் பேனை பிடித்தவன் நான், வேட்டைத் துவக்கைத் தொட்டதில்லை. என்னை ஏன் அனுப்புகிறீர்? ஹம்பேர்க்கிலிருந்து கிட்ட என்பது சரி. ஆனால் தொலைபேசியில் சொன்னால் போதாது, எழுதித்தான் தரவேண்டும் என்று ஏன் நிற்கிறீர்? நீர் போய்ப் பார்த்தீரா?

இன்னும் தெரியாதது: பெரிய கலைமான் அங்கே உண்டா என்பது. 25ஆம் திகதி சனிக்கிழமை நான் தனியே நடக்க லூடர்ஸ் சம்மதித்திருக்கிறார்.

அன்புடன்,
இ. உருத்திரமூர்த்தி


டோர்ட்மண்ட்
20.02.2006

பாசமுள்ள மூர்த்தி அண்ணைக்கு,

உங்கள் கடிதத்தை வீட்டில் றோசம்மா இரண்டு தரம் வாசித்தாள். "மூர்த்தி அண்ணை காட்டுக்குப் போனாலும் கோட்டுக்குச் சாட்சி சொல்லப் போனமாதிரித்தான் எழுதுவார்" என்று சிரித்தாள். கமலநாயகி அக்காவின் கால் வீக்கம் வற்றிவிட்டதா? போனமுறை கேட்டதற்கு நீங்கள் பதில் எழுதவில்லை. மானின் காலடியை அளந்தவர் அக்காவின் காலை மறந்துவிட்டீர்கள்.

நான் இன்னும் போகவில்லை அண்ணை. ஹோட்டல் குசினியில் விடுமுறை தருகிறார்கள் இல்லை. எழுத்தில் கேட்பது மகேந்திரராஜாவுக்காக. கடையில் காசு மேசைக்கு மேலே கொம்பு மாட்டுவதற்கு இப்போதே ஆணி அடித்துவிட்டார். "பன்ரண்டு கிளைக்குக் குறைஞ்சால் நான் வரமாட்டன். நீ சொல்லாதை. மூர்த்தி அண்ணை எழுதினால் நம்புறன்" என்கிறார். அவர் இல்லாமல் இரண்டாவது கையெழுத்துக்கு எனக்கு ஆளில்லை.

பெப்ரவரிக் கடைசியில் மூத்த கலைமான்கள் கொம்பை விழுத்தும். விழுந்த கொம்பைவிட நல்ல சாட்சி இல்லை. மூன்றாம் பரணுக்குக் கிழக்கே, அந்தப் பேர்ச் மரங்களுக்குள்ளே வடிவாகப் பாருங்கோ.

உங்களுக்கு இது விளையாட்டாகத் தெரியலாம். பதின்மூன்று வருடமாக மற்றவர்களின் காட்டுக்குப் போகிறேன். முதல் எட்டு வருடம் தடியோடு கத்திக்கொண்டு மிருகம் கலைக்கிற ஆள். அனுமதி எடுத்த பிறகும் எனக்குத் தரும் பரண் ரோட்டோரத்தில்தான் இருக்கும். கார்ச் சத்தத்துக்கு முயல்கூட வராது. ஒருநாள் நானும் ஒருவனைப் பார்த்து, நீ இந்தப் பரணில் ஏறு என்று சொல்ல வேண்டும்.

உங்கள்
அல்பேர்ட்


ஹம்பேர்க்
26.02.2006, ஞாயிறு

அன்புள்ள தம்பி அல்பேர்ட்,

நேற்றுப் பகல் பதினொன்று இருபதுக்கு, மூன்றாம் பரணிலிருந்து கிழக்கே நாற்பது அடியில் ஒரு கலைமானின் இடக்கொம்பு கிடந்தது. ஏழு கிளை. நீளம் தொண்ணூற்றேழு சென்ரிமீற்றர். எடை வீட்டுத் தராசில் மூன்று கிலோ நூறு கிராம். கண்டது நான், வேறு சாட்சி இல்லை. வலக்கொம்பும் இதைப்போலவே இருந்திருந்தால் பதினான்கு கிளை. அதைத் தேடினேன், கிடைக்கவில்லை.

விழுந்த கொம்பும் குத்தகைக்காரரின் சொத்தாம். கேட்காமல் தூக்கினால் களவு வேட்டை. அங்கிருந்தே லூடர்ஸுக்குத் தொலைபேசியில் சொன்னேன். "ஏழா? சரியாக எண்ணினீரா?" என்று இரண்டு தரம் கேட்டார். பிறகு, "இரண்டு கொம்பும் சேர்த்துப் பத்துக் கிளைக்கு மேல் நான் இங்கே கண்டதில்லை. கொண்டுபோம்" என்றார்.

கைமாற்றப்போகிறவர் தன் காட்டை ஏன் குறைத்துச் சொல்கிறார்? குறைத்துச் சொல்லி நம்பிக்கையைச் சம்பாதிக்கும் வித்தையும் உண்டு. அவரே கொண்டுவந்து போட்டிருப்பாரோ என்று பஸ்ஸில் முழுக்க யோசித்தேன். கொம்பின் வரிப்பள்ளங்களில் வெள்ளையாக ஏதோ படிந்திருக்கிறது. உறைபனி என்று நினைத்தேன். ரயிலில் வந்தும் கரையவில்லை. பூஞ்சணமாக இருக்கலாம்.

ஹம்பேர்க் ஸ்டேசனடியில் கடை வைத்திருக்கும் முருகேசன் என்னைக் கண்டுவிட்டு, "என்ன அண்ணை, சூப்புக்கோ?" என்றார். வீட்டில் அதைவிட மோசம்.

"செத்ததின்ர கொம்பு சாமிப்படம் இருக்கிற வீட்டுக்குள்ள வரக்கூடாது" என்றா கமலநாயகி.

"சாகேல்லை. வருசா வருசம் தானாக் கழண்டு விழுறது."

"அப்ப தலைமயிர் மாதிரித்தானே. அதுவும் வீட்டுக்குள்ள கிடக்கக்கூடாது."

ஆகவே கொம்பு பல்கனியில் இருக்கிறது. அவவின் கால் வீக்கம் வற்றிவிட்டது.

எதிர்பார்ப்பது: மார்ச் 11, சனிக்கிழமை. அந்த வட்டாரத்தில் ஒரு வருடத்தில் சுட்ட ஒவ்வொரு மானின் கொம்பையும் கீழ்த்தாடையோடு கட்டி, எந்தக் காடு என்று எழுதி மாட்டும் காட்சி அன்றைக்கு. லூடர்ஸின் காட்டிலிருந்து என்ன வந்திருக்கிறது என்று பார்த்தபின்தான் முடிவாக எழுதுவேன்.

அன்புடன்,
இ. உருத்திரமூர்த்தி


டோர்ட்மண்ட்
03.03.2006

பாசமுள்ள மூர்த்தி அண்ணைக்கு,

உங்கள் கைக்குச் சர்க்கரை போட வேண்டும். மகேந்திரராஜா கடையில் ஆட்கள் நிற்க நிற்க உங்கள் கடிதத்தின் பிரதியை உரத்து வாசித்தார். "தொண்ணூற்றேழு சென்ரிமீற்றர். அளந்திருக்கிறார் பார்" என்று மரக்கறி வாங்க வந்த மனுசிக்கும் காட்டினார். 24ஆம் திகதி வெள்ளிக்கிழமை சங்கக் கூட்டத்தில் என்னோடு வந்து கையெழுத்து வைப்பாராம்.

லூடர்ஸைப் பற்றிய இரண்டு பந்தியையும் மட்டும் மறைத்துப் பிரதி எடுத்தேன். குறை நினைக்காதேங்கோ. இவர் ஒரு சொல்லுக்கே குழம்புகிற ஆள்.

இனி நீங்கள் அலையத் தேவையில்லை. அந்தக் கொம்புக் காட்சிக்குப் போவதும் வீண் சிரமம். இந்தக் குளிரில் உங்களுக்கு இருமல் பிடித்தால் அக்கா என்னைத்தான் பேசுவா. வெள்ளை பூஞ்சணந்தான். துணியால் துடைத்துவிடுங்கோ.

காணி கிடைத்தால் முதலில் அந்த இரண்டு ஏணியையும் மாற்றுவேன். பலகை கூடப் பார்த்து வைத்துவிட்டேன்.

உங்கள்
அல்பேர்ட்


ஹம்பேர்க்
12.03.2006, ஞாயிறு

தம்பி அல்பேர்ட்,

புதிதாக உறுதியானது: கொம்பிலிருந்த வெள்ளை பூஞ்சணம் அல்ல, தேங்காயெண்ணெய். கண்டுபிடித்தவர் கமலநாயகி.

வியாழக்கிழமை காற்றுக்குக் கொம்பு பல்கனிக் கம்பியில் அடிபட, கீழ்வீட்டு அம்மா மேலே வந்து முறையிட்டா. கமலநாயகி வேறு வழியில்லாமல் அதை உள்ளே எடுத்து ஹீட்டருக்குப் பக்கத்தில் சாத்தினா. நான் வேலையால் வந்தபோது கீழே விரித்த பத்திரிகையில் எண்ணெய் ஊறியிருந்தது.

"ஆர் இதுக்குத் தலைக்கு எண்ணெய் வைச்சது?" என்று கேட்டா. விரலால் தொட்டு முகர்ந்தேன். சந்தேகமேயில்லை. "ஜேர்மன் மான் எண்ணெய் வைச்சுத் தலை இழுக்குமோ எண்டு உங்கட அல்பேர்ட்டிட்டைக் கேளுங்கோ."

உடனே உம்மைக் கேட்கவில்லை. நேற்றுக் காட்சிக்குப் போனேன். மண்டபச் சுவரில் நூற்று நாற்பத்து மூன்று சோடிக் கொம்புகள். லூடர்ஸின் காட்டிலிருந்து வந்தவை இரண்டு: ஒன்று எட்டுக் கிளை, மற்றது பத்து. பழைய பட்டியல்களையும் காட்டினார்கள். இருபது வருடத்தில் பத்துக்கு மேல் ஒன்றுமில்லை. அவர் சொன்னது அப்படியே சரி. லூடர்ஸும் அங்கே வந்திருந்தார்; துவக்குக்கு என்ன எண்ணெய் பூசுகிறார் என்று விசாரித்து, அதையும் முகர்ந்தேன். வேறு.

லூடர்ஸ் தன் காட்டருகே நிற்கும் தெரியாத கார்களைக் கொப்பியில் எழுதும் பழக்கமுள்ளவர். பெப்ரவரி 19, ஞாயிறு, மூன்றாம் பரணுக்குப் போகும் பாதையில் சாம்பல் நிறக் கார், டோர்ட்மண்ட் இலக்கத்தகடு. முழு இலக்கமும் இருக்கிறது, பார்க்கிறீரா என்று கொப்பியை நீட்டினார். வேண்டாம் என்றேன். ஒருவர் நீட்டிய தாளைப் பார்க்க மறுத்தது என் வாழ்க்கையில் இதுதான் முதல் தடவை.

வீட்டுக்கு வந்து என் முதல் கடிதத்தின் பிரதியை எடுத்தேன். மூன்றாம் பரணுக்குக் கிழக்கே பேர்ச் மரங்கள் நிற்பதாக நான் எழுதவில்லை. போகவேயில்லை என்று சொன்ன நீர் எழுதியிருக்கிறீர்.

மகேந்திரராஜா பன்னிரண்டு வருடத்துக்குக் கையெழுத்து வைக்கப்போவது காட்டை நம்பியல்ல, என் எழுத்தை நம்பி. அந்த எழுத்தில் இரண்டு பந்தியை நீர் மறைத்திருக்கிறீர். நானோ அதில் ஒன்றில் ஒரு நேர்மையான கிழவரைச் சந்தேகித்திருக்கிறேன்.

உம்முடைய பதில் வரவேண்டும். 18ஆம் திகதி சனிக்கிழமைத் தபால் வரை பார்த்திருப்பேன்.

இ. உருத்திரமூர்த்தி


டோர்ட்மண்ட்
17.03.2006

மூர்த்தி அண்ணைக்கு,

வைத்தது நான்தான்.

கொம்பு பழைய சாமான் சந்தையில் வாங்கியது. எந்த நாட்டு மானுடையது என்று விற்றவருக்கே தெரியாது. காய்ந்து வெளிறிப்போயிருந்தது. இப்போது விழுந்ததுபோல இருக்க வேண்டுமென்று றோசம்மாவின் போத்தலிலிருந்து இரண்டு கை எடுத்துப் பூசினேன். குளிருக்குத் தேங்காயெண்ணெய் உறையும் என்று குசினிக்காரனுக்குத் தெரியாதா? தெரியும். சூடான வீட்டுக்குள் இருந்து பூசும்போது நினைவு வரவில்லை.

எனக்குப் பெரிய கொம்பு வேண்டாம் அண்ணை. எட்டும் பத்தும் போதும், ஒன்றும் வராவிட்டாலும் போதும். மகேந்திரராஜாவுக்குத்தான் போதாது. உங்களைப் பொய் எழுத வைக்கவில்லை என்று என்னை நானே தேற்றிக்கொண்டேன். நீங்கள் கண்டதைத்தானே எழுதினீர்கள்.

அந்த ஞாயிறு கொம்பை வைத்துவிட்டு மூன்றாம் பரணில் ஏறி ஒரு மணித்தியாலம் இருந்தேன். ஒன்றும் வரவில்லை. ஒருவரும் வந்து இறங்கு என்று சொல்லவுமில்லை.

உங்களிடம் கேட்பது ஒன்றே ஒன்று. 24ஆம் திகதி வரை மகேந்திரராஜாவுக்கு ஒன்றும் எழுதாமல் இருங்கோ. பொய் சொல்லச் சொல்லவில்லை. எழுதாமல் இருங்கோ, அவ்வளவுதான்.

அல்பேர்ட்


ஹம்பேர்க்
21.03.2006, செவ்வாய்

அன்புள்ள தம்பி அல்பேர்ட்,

மகேந்திரராஜா கையெழுத்து வைக்கமாட்டார். இன்று காலை எட்டு மணிக்கு அவரே தொலைபேசியில் சொன்னார்.

உம்முடைய கடிதம் சனிக்கிழமை வந்தது. அன்று பின்னேரமே அவருக்கு எழுதினேன். எழுதியது இவ்வளவுதான்: "26.02.2006 கடிதத்தில் நான் குறிப்பிட்ட கொம்பு அந்தக் காட்டில் விழுந்ததல்ல. அங்கே இருபது வருடத்தில் கிடைத்த மிகப் பெரிய கொம்பு பத்துக் கிளை. சரிபார்க்காமல் எழுதியது என் பிழை." கொம்பை வைத்தது யார் என்று அவர் கேட்டார். எனக்குத் தெரியும், ஆனால் அதைச் சொல்ல வேண்டியவன் நானல்ல என்றேன். அவருக்கு விளங்கிவிட்டது என்று நினைக்கிறேன். ஆணியில் கலண்டர் மாட்டியிருக்கிறாராம்.

லூடர்ஸிடம் மன்னிப்புக் கேட்கப் பேசினேன். ஏன் மன்னிப்பு என்று கேட்டார். அவருக்கு முழுவதையும் சொல்ல வேண்டியதாயிற்று. கொம்பைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. "மூன்றாம் பரணிலா ஏறினான்? அந்த ஏணி உக்கியதல்லவா" என்றார். பிறகு, "ஏணி அடிக்கத் தெரியுமா அவனுக்கு?" என்றார். தெரியும் என்று நான் சொல்லவில்லை, நேரில் கண்டதில்லை. பலகை பார்த்து வைத்திருப்பதாக நீர் எழுதியதை மட்டும் சொன்னேன்.

புதிதாக வருகிறவரோடு தன் பெயரை இரண்டாவது கையெழுத்தாக இன்னும் ஒரு வருடம் வைத்திருக்கச் சங்கம் விடும் என்று நினைக்கிறார். கேட்பதாகச் சொல்லவில்லை. "முதலில் ஆளைப் பார்க்க வேண்டும். செய்ததை அவனே என் முகத்தைப் பார்த்துச் சொல்லட்டும்" என்றார்.

இன்னொன்றையும் மறைக்காமல் எழுதுகிறேன். இனிமேல் நீர் சொல்வதை இரண்டாவது சாட்சி இல்லாமல் நான் எழுதமாட்டேன். இதை எழுதும்போது எனக்கு மனம் சரியில்லை.

வெள்ளிக்கிழமை பின்னேரம் ரயிலில் நானும் போகிறேன். கொம்பைக் கொண்டுவருவேன்; அது உம்முடையது. கமலநாயகி சவர்க்காரம் போட்டுக் கழுவி, துவாயால் சுற்றித் தந்திருக்கிறா. இப்போது அது வெளிறித்தான் கிடக்கிறது, நீர் சந்தையில் வாங்கியபோது இருந்தமாதிரி.

தெரியாமல் இருப்பவை இரண்டு. லூடர்ஸ் சங்கத்திடம் கேட்பாரா என்பது. நீர் வருவீரா என்பது. கூட்டம் 24ஆம் திகதி, மாலை ஏழு மணி, கிராமத் தீயணைப்பு நிலைய மண்டபம். பஸ் ஆறு ஐம்பதுக்கு வந்து நிற்கும். வாசலில் நிற்பேன்.

அன்புடன்,
மூர்த்தி அண்ணை