மேற்கு வெயில்

செம்பூர்,
12 ஜனவரி 2025

அன்புள்ள இசக்கிக்கு,

ஆபரேஷன் செய்த முட்டியை மடக்கி நீட்டிப் பழகுகிறாயா? தரைத்தளத்தில் குடியிருந்த ஒருத்தி, லிஃப்ட் இருக்கிறது என்ற காரணத்துக்காக நெருளில் ஏழாவது மாடிக்குப் போனது எனக்கு இன்னும் புரியவில்லை. மகன் வீடு என்பாய். சரி, இருக்கட்டும்.

ஒரு நல்ல செய்தி. நம் பின்முற்றத்துக்குக் கிழக்கே நின்ற கட்டடத்தை இடித்துவிட்டார்கள். இத்தனை வருஷம் நம் முற்றத்துக்கு நடுப்பகலில் ஒரு கீற்று வெயில் வரும், டீ ஆறுவதற்குள் போய்விடும். அந்த இருட்டில் உன் நந்தியாவட்டையைத் தவிர எதுவும் பிழைக்கவில்லை. இப்போது காலை வெயில் துணி காயப்போடும் கம்பிவரை வருகிறது. எனவே ஒரு பவளமல்லி வாங்கினேன். பாதி நிழலுக்கு ஏற்ற சின்ன மரம் அதுதான். தாராவியிலிருந்து நீல டிரம் ஒன்றைப் பாதியாக அறுத்து வாங்கி, அடியில் ஓட்டை போட்டு, ஓட்டுச் சில்லுப் பரப்பி வைத்திருக்கிறேன். செடிக்கடை ஆஷிக்கிடம் எந்தக் கன்றைக் காட்டினாலும் "இது சின்னதாவே இருக்கும் மாமா" என்கிறான். அரசங்கன்றைக்கூட அப்படித்தான் சொன்னான். கன்று வாங்கும்போது அது இன்று எவ்வளவு உயரம் என்று கேட்கக் கூடாது, பத்து வருஷம் கழித்து எவ்வளவு உயரம் என்று கேட்க வேண்டும். மாப்பிள்ளை பார்க்கிறவர்களுக்கும் இதைச் சொல்லலாம்.

பழைய கட்டடங்களை இடித்துப் புதிதாகக் கட்டும் பில்டரின் ஆள் கணேசபாண்டியன், காலி செய்யச் சம்மதம் என்று கையெழுத்துக் கேட்டுத் தினமும் வருகிறான். நம் ஊர்ப் பக்கத்துப் பையன் என்பதால் அவனை அனுப்புகிறார்கள். "அண்ணாச்சி, ஒரு கையெழுத்துதான கேக்கோம், கிட்னியவா கேக்கோம்?" என்கிறான். போனை அணைத்து அரிசி டப்பாவில் போட்டுவிட்டேன். அவனுக்கும் ஒரு வழி கண்டுபிடித்திருக்கிறேன். முன்கதவை வெளியே பூட்டிவிட்டு, கட்டடத்தைச் சுற்றி வந்து பின்முற்றம் வழியாக உள்ளே வந்துவிடுகிறேன். அவன் பூட்டைப் பார்த்துத் திரும்பிப் போகிறான். தபால்காரருக்கு இதனால் சிரமமில்லை. வழக்கம்போல் கடிதத்தைக் கதவிடுக்கில் தள்ளிவிடுகிறார். செல்வனிடம் இதைச் சொல்லாதே. அவன் பில்டர் கட்சி.

உன்
சுடலைக்கண்ணன்


நெருள்,
19 ஜனவரி 2025

செல்வன் அப்பாவுக்கு இசக்கி எழுதுவது.

முட்டி பரவாயில்லை. படி இறங்கக் கூடாது, ரயில் ஏறக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். இல்லாவிட்டால் நானே வந்து உங்கள் பவளமல்லியோடு பேசிக்கொள்வேன்.

நான் லிஃப்டுக்காக வரவில்லை. நம் குழாயில் தண்ணீர் நின்ற அன்று, "இருக்கட்டும், டேங்கர் வருகிறது" என்றீர்களே, அதற்காக வந்தேன். நமக்கு எது நின்றாலும் நீங்கள் "இருக்கட்டும்" என்பீர்கள். மாடியில் யார் இருக்கிறார்கள்? பக்கத்து விஜயலட்சுமி இருக்கிறாளா, அவளும் போய்விட்டாளா? மரத்தைப் பற்றி ஒரு பக்கம் எழுதுகிறீர்கள், மனுஷரைப் பற்றி ஒரு வரி இல்லை.

இங்கே ஒரு பால்கனி இருக்கிறது. நாலடி அகலம். மேற்குப் பார்த்தது, காற்று பிய்க்கிறது. செல்வன் அதில் சைக்கிளை வைத்திருந்தான், அதை எடுக்கச் சொல்லிவிட்டேன். ஒரு மரம் வைக்கலாம். ஒன்றுதான். எந்த மரம் என்று நீங்களே பார்த்து எடுத்துக்கொண்டு, கூடவே நீங்களும் வாருங்கள். கையெழுத்துப் போடுங்கள், போடாமல் இருங்கள், அதை நான் கேட்கவில்லை. அந்த வீட்டில் தனியாக இருக்க வேண்டாம்.

பூட்டு விளையாட்டு எனக்குப் பிடிக்கவில்லை. உள்ளே ஆள் இருக்கும் வீட்டுக்கு வெளியே பூட்டுத் தொங்குவது நல்லதாகப் படவில்லை.

இசக்கி


செம்பூர்,
16 மார்ச் 2025

அன்புள்ள இசக்கிக்கு,

உன் பால்கனியைப் பற்றி இரண்டு மாதமாக யோசித்துக்கொண்டிருக்கிறேன். சும்மா இல்லை. ஏழாவது மாடி, நாலடி, மேற்கு வெயில், காற்று. பொண்ணு பார்ப்பதைவிடக் கஷ்டம். முருங்கை காற்றில் ஒடிந்து கீழே யார் தலையிலாவது விழும். சீத்தா பக்கவாட்டில் கை நீட்டும், செல்வன் பெண்டாட்டி துணி காயப்போட முடியாது. கொய்யாவை வெட்டி வெட்டிக் குட்டையாக வைக்கலாம், ஆனால் வௌவால் வரும். ஈர மண்ணோடு ஒரு டிரம் என்பது ஒரு ஆள் கனம், பால்கனி ஓரத்தில் வைக்கக் கூடாது, சுவரை ஒட்டி வைக்க வேண்டும். இதை இப்போதே செல்வனிடம் சொல்லி வை.

இங்கே வெளிச்சம் இன்னும் நன்றாகிவிட்டது. தெற்கே இருந்த கட்டடமும் போயிற்று. இப்போது நாள் பூராவும் வெயில். ஒரு மாதுளை, ஒரு கொய்யா, ஒரு எலுமிச்சை மூன்றையும் டிரம்மில் வைத்திருக்கிறேன். பவளமல்லியை அந்த வெயிலிலிருந்து காப்பாற்ற உன் பழைய சேலையைக் கட்டியிருக்கிறேன். பச்சைக்கரை போட்டது. கோபித்துக்கொள்ளாதே, விட்டுப் போன சேலைதானே.

மனுஷரைப் பற்றிக் கேட்டாய். மாடியில் யாரும் இல்லை. போகிறவர்கள் ஜன்னல், கதவு, கம்பி எல்லாவற்றையும் கழற்றிக்கொண்டு போனார்கள். ராத்திரி காற்று அடித்தால் மேலே கட்டடம் வாய் திறந்து மூச்சு விடுகிற மாதிரி இருக்கிறது. விஜயலட்சுமி போன வெள்ளிக்கிழமை போனாள். நீ நம் சமையலறையில் சட்னிக்குத் தேங்காய் தட்டினால் அவள் மறுபக்கம் படுக்கையறையிலிருந்து சுவரைத் தட்டுவாளே, அதேபோல் போகிற அன்று இரண்டு தட்டுத் தட்டினாள். நானும் தட்டினேன். அவள் மணிபிளாண்டை எனக்குக் கொடுத்திருக்கிறாள். அது மரமில்லை, ஆனாலும் வாங்கிக்கொண்டேன்.

கணேசபாண்டியன் இப்போது வருவதில்லை. பூட்டு வேலை செய்கிறது.

உன்
சுடலைக்கண்ணன்


நெருள்,
24 மார்ச் 2025

செல்வன் அப்பாவுக்கு,

அந்தப் பையன் வராமல் நின்றதில் உங்களுக்குச் சந்தோஷம். எனக்கு அவன் வந்துகொண்டிருந்தபோது இருந்த நிம்மதி இப்போது இல்லை. நீங்கள் அங்கே இருக்கிறீர்கள் என்று தெரிந்த ஒருத்தனாவது இருந்தான்.

பில்டர் நமக்குக் கட்டப்போகும் புது வீட்டின் படத்தைச் செல்வன் காட்டினான். பத்தொன்பதாவது மாடியில் தோட்டம் என்று போட்டிருக்கிறது. மரத்தைக் கைவிரலால் பெரிதாக்கிப் பார்த்தேன், எல்லாம் ஒரே மரம், திரும்பத் திரும்ப ஒட்டியிருக்கிறார்கள். நீங்கள் பார்த்தால் சிரித்திருப்பீர்கள். அதைச் சொல்லப் பக்கத்தில் நீங்கள் இல்லாமல் நான் ஒருத்தியாகச் சிரித்தேன்.

எலுமிச்சையைக் கொண்டுவாருங்கள். மாதுளைக்கு நான் பழகவில்லை, எலுமிச்சை என்றால் ஊறுகாயாவது போடுவேன். மரம் ஒரு சாக்குதான். அது உங்களுக்கும் தெரியும். எத்தனை மரம் மாற்றி யோசித்தாலும் நான் கேட்பது ஒன்றைத்தான்.

முட்டிக்கு இன்னும் பெல்ட் போட்டிருக்கிறேன்.

இசக்கி


செம்பூர்,
27 ஏப்ரல் 2025

அன்புள்ள இசக்கிக்கு,

முடிவு செய்துவிட்டேன். எலுமிச்சை. பதியன் போட்ட கன்று என்பதால் சின்ன வயதிலேயே காய்க்கும், வெட்டிவிட்டால் தோள் உயரத்துக்கு மேல் போகாது. டிரம்மிலிருந்து எடுத்து, சுருண்டு கிடந்த வேரைச் சுற்றிலும் இரண்டு விரல் அகலம் நறுக்கி, புது மண் போட்டிருக்கிறேன். வேரை நறுக்கினால் மரம் கோபித்துக்கொண்டு கொஞ்ச நாள் இலை உதிர்க்கும். அப்புறம் அந்த இடத்துக்குத் தகுந்தபடி இருந்துகொள்ளும். எனக்கும் அப்படித்தான் என்று வைத்துக்கொள்.

வரும் ஞாயிற்றுக்கிழமை ஆஷிக் டெம்போ கொண்டுவருகிறான். மரம் டெம்போவில், நான் பின்னாலேயே ரயிலில். மற்ற மரங்களை அவனே கடைக்கு எடுத்துக்கொள்வான், ஒரு வாரம் ஆகும் என்கிறான்.

உன் பால்கனி மேற்குப் பார்த்தது என்பதால், எலுமிச்சையை இங்கேயே மேற்கு வெயிலுக்குப் பழக்கிவிட்டேன். அது தானாகக் கிடைத்த வசதி. போன வாரத்திலிருந்து சாயங்கால வெயில் நம் சமையலறைக்குள் விழுகிறது, நீ மசாலா டப்பா வைக்கும் பலகைக்குப் பக்கத்தில், கதவு அகலத்துக்கு. டிரம்மை உள்ளே இழுத்து அங்கேயே வைத்துவிட்டேன். நான்கு மணிக்கு இலை எல்லாம் மினுங்குகிறது. முப்பது வருஷம் டியூப்லைட் போட்டுச் சமைத்தாய். இந்த வெளிச்சத்தை நீ பார்க்கவில்லையே என்றுதான் குறை.

தூசி கொஞ்சம் அதிகம். இலையைத் துடைக்க வேண்டியிருக்கிறது.

உன்
சுடலைக்கண்ணன்


நெருள்,
30 ஏப்ரல் 2025
ஸ்பீட் போஸ்ட்

செல்வன் அப்பாவுக்கு,

உங்கள் கடிதத்தை நாலு தடவை படித்தேன். மசாலாப் பலகைக்குப் பக்கத்தில் ஜன்னல் கிடையாது. அது விஜயலட்சுமி வீட்டுச் சுவர். அவள் தட்டின சுவர். அந்தச் சுவர் வழியாக வெயில் வருகிறது என்றால் அவள் வீடு அங்கே இல்லை என்று அர்த்தம். கட்டடத்தில் பாதியை இடித்துவிட்டார்கள், மீதிப் பாதியில் நீங்கள் எலுமிச்சைக்கு இலை துடைத்துக்கொண்டிருக்கிறீர்கள்.

ஏன் நிறுத்தாமல் இடித்தார்கள் என்று நீங்கள் கேட்கவே இல்லை. நான் சொல்கிறேன். முன்கதவில் பூட்டு இருக்கிறது. பூட்டிய வீட்டில் ஆள் இல்லை என்று எழுதிவிட்டார்கள். நீங்கள் கணேசபாண்டியனை ஏமாற்றப் போட்டது, அவன் ஏமாந்துவிட்டான்.

இந்தக் கடிதம் கைக்கு வந்த உடனே முதலில் பூட்டைத் திறங்கள். வாசலில் நாற்காலி போட்டு, எல்லோர் கண்ணிலும் படும்படி உட்காருங்கள். ஞாயிறு வரை காத்திருக்க வேண்டாம். ஆட்டோ பிடித்து இப்போதே வாருங்கள், மரம் கிடக்கட்டும். அரிசி டப்பாவிலிருந்து போனை எடுங்கள்.

செல்வன் வேலையாக பெங்களூர் போயிருக்கிறான், திங்கள்கிழமை காலைதான் வருவான். அங்கிருந்தே கணேசபாண்டியனுக்குப் போன் போட்டிருக்கிறான், அவன் எடுக்கவில்லை. அவன் பெண்டாட்டி கைக்குழந்தையை வைத்துக்கொண்டு அலைகிறாள், நான் பெல்ட் போட்டுக்கொண்டு கிடக்கிறேன். சாதாரணத் தபால் மூன்று நாள் ஆக்கும். அதனால் கையெழுத்து வாங்கிக் கொடுக்கும் தபாலில் போடச் சொல்லியிருக்கிறேன். உங்கள் கையில் நேராகக் கிடைக்க வேண்டும்.

இசக்கி


நெருள்,
6 மே 2025

செல்வன் அப்பாவுக்கு,

எலுமிச்சை ஞாயிற்றுக்கிழமை பதினோரு மணிக்கு வந்து சேர்ந்தது. ஆஷிக் தோளில் தூக்கிவந்து, நீங்கள் சொன்னபடியே சுவரை ஒட்டி வைத்தான். "மாமா எங்கே?" என்றேன். "பாக்கி செடிக்குத் தண்ணி ஊத்திட்டு ட்ரெயின்ல வாரேன்னாரு மாமி. வெயிலு ஏறுறதுக்குள்ள ஊத்தணுமாம். நீ முன்னால போ, காத்து படாமப் பாத்துக்கோன்னாரு" என்றான். என் கடிதம் உங்களுக்குக் கிடைத்ததா என்று அவனைக் கேட்டேன். அவனுக்கு எந்தக் கடிதமும் தெரியவில்லை.

சாப்பாடு எடுத்து வைத்தேன். இரண்டு காய், ரசம். ராத்திரி வரை வைத்திருந்தேன்.

திங்கள்கிழமை காலையில் தபால்காரர் வந்தார். நீங்கள் என்று நினைத்துக் கதவைத் திறந்தேன். என் ஸ்பீட் போஸ்ட் எனக்கே திரும்பி வந்திருந்தது. மேலே எழுதியிருக்கிறது: கதவு பூட்டியிருக்கிறது. கையெழுத்து வாங்க ஆளில்லை. சாதாரணத் தபாலில் போட்டிருந்தால் வழக்கம்போல் கதவிடுக்கில் தள்ளியிருப்பார். நீங்கள் படித்திருப்பீர்கள். நல்லது செய்கிறோம் என்று முப்பத்தைந்து ரூபாய் அதிகம் கொடுத்தேன்.

பெங்களூரிலிருந்து வந்த செல்வனைப் பையைக்கூட இறக்கவிடாமல் அனுப்பினேன். கட்டடத்தைச் சுற்றித் தகரம் அடித்திருக்கிறார்களாம். இடுக்கு வழியாகப் பார்த்திருக்கிறான். காவலாளி, "தாலா லகா தா பாய், காலி கர்" என்றானாம். பூட்டியிருந்தது, காலி வீடு. ஞாயிறு மத்தியானமே மெஷின் வந்துவிட்டதாம். பின்பக்கமாகப் போய்ப் பாருடா, முற்றத்தில்தான் நிற்பார், உள்ளே மரங்கள் இருக்கின்றன என்று போனில் கத்தினேன். தகரத்தைச் சுற்றிப் போய்ப் பார்த்தான். அப்புறம், "அம்மா, பின்பக்கம்னு ஒண்ணு இல்லம்மா" என்றான். என் பச்சைக்கரைச் சேலை மட்டும் ஒரு கம்பியில் மாட்டி மேலே தெரிகிறதாம்.

அவன் இன்னும் அங்கேதான் நிற்கிறான். மெஷினை நிறுத்தி, கையால் மண்ணை எடுக்க வைத்திருக்கிறான். கணேசபாண்டியனும் சட்டையைக் கழற்றிவிட்டு எடுக்கிறானாம். "அண்ணாச்சி, அண்ணாச்சி" என்று கூப்பிட்டுக்கொண்டே எடுக்கிறான் என்றான் செல்வன். நேற்றிலிருந்து யாரும் பதில் சொல்லவில்லை.

மரம் நன்றாக இருக்கிறது. நான்கு மணிக்கு வெயில் அதன் மேல் விழுகிறது. நீங்கள் எழுதியபடி இலை உதிர்க்கிறது. காலையில் கூட்டி அள்ளினேன்.

முன்பக்கச் சுவர் மட்டும் நிற்கிறது என்றான் செல்வன். கதவும், கதவில் அந்தப் பூட்டும் அப்படியே இருக்கிறதாம். அதனால் இதைச் சாதாரணத் தபாலிலேயே போடுகிறேன். கதவிடுக்கில் தள்ளிவிட்டுப் போவார்.

இசக்கி