கம்பெனி கேட் வாசலில் நீங்கள்

அத்தை,

இன்று காலை உங்கள் பேத்திக்குத் தலை வாரிக்கொண்டிருந்தேன். சட்டென்று முகத்தைத் திருப்பி, "அம்மா, உன் கையில கம்பெனி நாத்தம்" என்றாள். மெஷினில் ஊற்றும் கூலன்ட் எண்ணெய். எத்தனை சோப்புப் போட்டாலும் போகாது. நீங்கள் இருந்திருந்தால், "அந்த நாத்தந்தான்டி உனுக்கு சோறு போடுது" என்று அவள் வாயை அடைத்திருப்பீர்கள்.

அவள் கைக்குழந்தையாக இருந்தபோது மூக்கண்டப்பள்ளியிலிருந்து ஷேர் ஆட்டோ பிடித்து, அவளைத் தூக்கிக்கொண்டு கம்பெனி கேட்டுக்கு வருவீர்கள். எனக்குச் சாப்பாட்டு நேரம் அரை மணிதான். உங்களை உள்ளே விட மாட்டார்கள். மதில் ஓரமாக என்னை உட்கார வைத்து, குடையை விரித்து மறைப்பாகப் பிடிப்பீர்கள். நான் பால் கொடுப்பேன். நீங்கள் மடியில் டிபன் பாக்ஸை வைத்து, இன்னொரு கையால் சோற்றை உருட்டி என் வாயில் வைப்பீர்கள். "நீ அவளுக்குக் குடு கண்ணு, நான் உனுக்குக் குடுக்கறேன்." பைக்கில் போகிற எவனாவது திரும்பிப் பார்த்தால் தெலுங்கில் ஒரு வசவு பறக்கும். திட்டுவதற்கென்றே தெலுங்கு கற்றவர் நீங்கள்.

மருமகள் மெச்சிய மாமியாரும் இல்லை, மாமியார் மெச்சிய மருமகளும் இல்லை என்பார்கள். என் குழம்பை நீங்கள் ஒருநாளும் மெச்சியதில்லைதான். ஆனால் சிங்காரப்பேட்டை உறவெல்லாம் கூடி என்னை வேலையை விடச் சொன்னபோது, "அவ போவா. புள்ளைய நான் பாக்கறேன். உங்களுக்கு இன்னா?" என்று கேட்டது நீங்கள்தான்.

நீங்கள் போன பிறகு வீட்டில் பேச்சே குறைந்துவிட்டது. போன வாரம் என்னைக் கூப்பிட்டு, ஒரு மெஷின் வரிசை முழுவதையும் பார்த்துக்கொள்ளும் லைன் லீடர் வேலை தருவதாகச் சொன்னார்கள். கேன்டீனில் தட்டோடு உட்கார்ந்த பிறகுதான் உறைத்தது, இதை ஓடிப்போய்ச் சொல்ல எனக்கு யாரும் இல்லை. சோற்றைப் பிசைந்தபடியே அழுதுவிட்டேன்.

லீடர் ஆனால் மாற்றி மாற்றி செகண்ட் ஷிப்ட் வரும், வீடு திரும்ப நடுராத்திரி ஆகும். உங்கள் மகனுக்கு எப்போதும் பகல் ஷிப்ட்தான், சாயங்காலம் வீட்டில் இருப்பவர். ஆனாலும், "அம்மா இருந்தவரைக்கும் சரி. இனிமே புள்ளைய யாரு பாக்கறது? வேலைய வுட்டுடு" என்றார்.

நேற்று பதில் சொன்னேன். "அவளுக்கு அப்பான்னு ஒருத்தரு இருக்காரில்ல? அவரு பாக்கட்டும்."

அவர் எழுந்து வெளியே போய்விட்டார்.

நாளைக்குக் கம்பெனியில் சம்மதம் சொல்லப் போகிறேன். உங்கள் கம்மலும் சங்கிலியும் நாத்தனாருக்குப் போயின. எனக்கு வந்தது உங்கள் வாய்தான், அத்தை. அதற்குத் துணையாக நிற்க நீங்கள்தான் இல்லை.