அப்பா ஏன் எழுந்து வரவில்லை

அன்புள்ள பாப்பாவுக்கு,

அம்மா எழுதுகிறேன். காலையில் கண் விழித்ததும் நீ சாப்பிட்டாயோ, தூங்கினாயோ என்றுதான் மனசு முதலில் ஓடுகிறது, நீ சுகமாக இருந்தால் அதுவே எனக்குப் போதும். இங்கே நாங்கள் எல்லோரும் சுகம் என்று எழுதப் போனால் பேனா நின்றுவிடுகிறது, அதனால் சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன், உட்கார்ந்து படி, உயிருக்கு ஒன்றும் ஆபத்து இல்லை. உன் அப்பாவுக்குக் கால் முறிந்துவிட்டது. வலது கால், முழங்காலுக்குக் கீழே. மாவுக்கட்டு போட்டிருக்கிறது, எலும்பு நேராகத்தான் கூடி வருகிறது என்று டாக்டர் சொல்கிறார். கொஞ்ச நாளாக நீ வீடியோவில் பார்ப்பதெல்லாம் அவருடைய சட்டையின் மேல்பாதியைத்தான். போன ஞாயிற்றுக்கிழமை, "என்னப்பா, எப்பப் பாத்தாலும் நாற்காலியிலேயே இருக்கீங்க, சோம்பேறி ஆயிட்டீங்களா?" என்று நீ சிரித்தாய், அவரும் சேர்ந்து சிரித்தார், நான் போனைப் பிடித்தபடி இன்னொரு கையால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றேன்.

நடந்ததைச் சொல்கிறேன். நீ வரும்போது தங்குவதற்கு மாடியில் ஓர் அறை கட்டுகிறோம் என்பது உனக்குத் தெரியும். வேலை தொடங்கிய நாளில் நீ போனில் அப்பாவுக்கு ப்ராஜெக்ட் எப்படி நடத்துவது என்று சொல்லிக் கொடுத்தாய் அல்லவா, அதிலிருந்து மனிதர் தரையில் நிற்கவில்லை. பஸ் டெப்போவில் மேற்பார்வை பார்த்து ஓய்வு பெற்றவருக்குச் சும்மா இருந்த கைக்கு வேலை கிடைத்த மாதிரி ஆயிற்று. கூடத்துச் சுவரில் பெரிய அட்டவணை ஒட்டினார். காலையில் மேஸ்திரி, எலக்ட்ரீஷியன், குழாய் வேலைக்காரர் எல்லோரையும் வாசலில் நிற்க வைத்துக் கூட்டம். உட்காரக் கூடாதாம், உட்கார்ந்தால் பேச்சு நீளுமாம், நீதான் சொன்னாயாம். "எம்பொண்ணு நாப்பது பேரை வெச்சு வேலை வாங்குறா, நான் நாலு பேரை வெச்சு வாங்க மாட்டேனா?" என்று பக்கத்து வீட்டுத் தையல்காரம்மாவிடம் சொல்லிச் சொல்லி, அந்தம்மா எங்கள் வாசலைக் கண்டாலே வேறு பக்கம் போக ஆரம்பித்துவிட்டார். எனக்கும் முதலில் வேடிக்கையாகத்தான் இருந்தது. போகப் போகத்தான் இது சரியில்லை என்று பட்டது. யாராவது ஏதாவது சொல்ல வாய் திறந்தால் போதும், "காரணம் வேணாம், முடியுமா முடியாதா?" என்பார். முடியாது என்று யார் சொல்வார்கள்? எல்லோரும் முடியும் என்றார்கள், அப்பா அட்டவணையில் பச்சைப் பேனாவால் கோடு போட்டுக்கொண்டே போனார்.

மாடிப்படிக்குக் கான்கிரீட் போட்ட அன்று மழை. சில நாள் கழித்து, ஈரத்தில் கான்கிரீட் சரியாக இறுகவில்லை, அடியில் தாங்குகிற முட்டுக் கட்டைகள் இன்னும் கொஞ்ச நாள் இருக்கட்டும் என்று மேஸ்திரி தலையைச் சொறிந்துகொண்டு ஆரம்பித்தார். பெயின்டர் வரும் தேதி தள்ளிப் போகும், பிறகு எல்லாமே தள்ளிப் போகும் என்று அப்பா குரலை உயர்த்தினார். மேஸ்திரி மறுபேச்சு பேசவில்லை, மறுநாளே முட்டுக் கட்டைகளைப் பிரித்துவிட்டார். அதற்கப்புறம் படி திரும்புகிற இடத்தில் விரிசல் விட்டிருப்பதை எலக்ட்ரீஷியன் பார்த்திருக்கிறார், மேஸ்திரியிடம் சொல்லியும் இருக்கிறார். அதற்கு அவர், "இப்பப் போய் சார்கிட்ட சொன்னா வீடு ரெண்டாயிடும், கூட்டம் முடியட்டும், நானே கமுக்கமா பூசிடறேன்" என்றாராம். கூட்டம் முடிந்ததும் அப்பா டேப்பை எடுத்துக்கொண்டு அளக்க மேலே ஏறிவிட்டார். நான் அடுப்படியில் இருந்தேன். மூட்டையைப் போட்ட மாதிரி ஒரு சத்தம், பிறகு ஒரே புழுதி. ஓடி வந்து பார்த்தால் படியின் பாதி கீழே கிடக்கிறது, அதன் நடுவில் இவர், அந்த நிலைமையிலும் "யாருக்காவது அடிபட்டுச்சா?" என்று கேட்கிறார். மேஸ்திரிதான் அவரை அள்ளிக்கொண்டு ஆட்டோவுக்கு ஓடினார், ஓடும்போதே சின்னப் பிள்ளை மாதிரி அழுதார்.

மேஸ்திரி அப்புறம் வேலைக்கு வரவில்லை, போனையும் அணைத்துவிட்டார். உன் தம்பி கொதித்தான், கேஸ் போடலாம் என்றான். உன் அப்பா ஆஸ்பத்திரிக் கட்டிலில் கூரையையே பார்த்துக்கொண்டு படுத்திருந்தார், இரண்டு நாள் வலி என்றுகூடச் சொல்லவில்லை. வீட்டுக்கு வந்த பிறகு தம்பியை அனுப்பி மேஸ்திரியைக் கூட்டி வரச் சொன்னார். மனிதர் மனைவியையும் துணைக்கு அழைத்துக்கொண்டு வந்து நிலைப்படி ஓரமாகவே நின்றார். அப்பா சொன்னது இவ்வளவுதான்: "நீங்க சொல்ல வந்தீங்க, நான் சொல்ல விடல. ஆனா விரிசல் விட்டது தெரிஞ்சும் என்னை ஏற விட்டீங்களே மேஸ்திரி." அதற்கு அவர், "கீழ விழுந்தா கால்தான் போகும் சார், உங்ககிட்ட திட்டு வாங்கினா மானமே போகுதே" என்று சொல்லிவிட்டு, சொன்னது தப்போ என்று அப்படியே நாக்கைக் கடித்துக்கொண்டார். நான் பயந்துபோனேன். அப்பா குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார், கடைசியில் அது சிரிப்பா என்று எனக்கே தெரியவில்லை.

இடிந்ததை முழுக்க எடுத்துவிட்டுப் புதுசாகப் போடுகிறார்கள், இந்தத் தடவை ஒரு இன்ஜினியர் வந்து பார்த்துச் சரி என்ற பிறகுதான் முட்டு எடுப்பது என்று முடிவு. கூட்டம் இன்னும் நடக்கிறது, ஆனால் எல்லோருக்கும் நாற்காலி உண்டு, டீயும் உண்டு. அப்பா காலை ஸ்டூலில் நீட்டிக்கொண்டு, "இன்னிக்கு எது சரியில்ல?" என்று கேட்கிறார். முதல் நாள் ஒருவரும் வாய் திறக்கவில்லை, டீயைக் குடித்துவிட்டுப் போய்விட்டார்கள். மறுநாள் குழாய்க்காரர்தான், குளியலறைத் தரையில் தண்ணீர் வடிகிற வாட்டம் மாறிப் போய்விட்டது, தரையை உடைக்க வேண்டும் என்று மென்று விழுங்கிச் சொன்னார். அப்பாவுக்குக் காது சிவந்தது, நாற்காலிக் கையை இறுக்கிப் பிடித்தார், நான் டீத் தட்டோடு அப்படியே நின்றுவிட்டேன். "இப்பவே சொன்னீங்களே, நல்லதாப் போச்சு" என்றார். அந்த ஒரு வரியைச் சொல்ல அவர் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும் பாப்பா.

இப்போது என் பயத்துக்கு வருகிறேன். தம்பி ஏன் உன்னிடம் சொல்ல வேண்டாம் என்றான் தெரியுமா? நீ கவலைப்படுவாய் என்பதற்காக இல்லை. "அக்கா கேள்வி கேட்டே கொன்னுடுவா, யார் கோட்டை விட்டதுன்னு கண்டுபிடிக்காம போனை வைக்க மாட்டா" என்றான். நானும் சரி என்றேன், அப்பாவும் சரி என்றார். பெற்ற மகளிடம் மூன்று பேரும் கூடிப் பேசி, வாரம் தவறாமல் எல்லாம் நல்லாயிருக்கு என்று சொல்லியிருக்கிறோம். இதை நினைத்தபோதுதான் எனக்கு இன்னொன்று ஞாபகம் வந்தது. போன மாதம் நீ எங்களோடு பேசிக்கொண்டிருந்தபோதே ஆபீஸ் போன் வந்தது, டெஸ்டிங் பார்க்கிற அந்த நம்ம மொழிக்காரர் என்று நினைக்கிறேன், "கதை வேணாம், ரெடியா இல்லையா, அதை மட்டும் சொல்லுங்க" என்றாய். கொஞ்சம் பொறுத்து அவர், "ரெடி மேடம்" என்றது எங்களுக்கும் கேட்டது. அந்தக் குரல் எனக்கு அப்போது புரியவில்லை, வாசலில் மேஸ்திரியைப் பார்த்த பிறகுதான் புரிகிறது. எந்த நோயாளிக்கு எந்த மருந்து, எவ்வளவு என்று நர்ஸுகளுக்குக் காட்டுகிற சாஃப்ட்வேர் என்று நீதானே சொன்னாய், அடுத்த மாதம் ஆஸ்பத்திரிகளுக்குப் போகிறது என்றாய், எல்லாம் பச்சையாக இருக்கிறது என்றும் சொன்னாய். உன் வேலையில் எனக்கு ஒரு எழுத்தும் தெரியாது. பச்சை உண்மையிலேயே பச்சையாகவே இருக்கலாம், அம்மா வீணாகப் பயப்படுகிறாள் என்றே இருக்கட்டும். ஆனாலும் அவரை ஒருநாள் தனியாகக் கூப்பிட்டு, உட்கார வைத்து, அன்று என்ன சொல்ல வந்தீர்கள் என்று கேட்டுவிடு. கேட்டுவிட்டுச் சும்மா இரு. உடனே சொல்ல மாட்டார், பழக்கம் விட்டுப்போயிருக்கும். தேதி தள்ளிப் போனால் உனக்கு மேலே இருப்பவர்கள் உன்னைத்தான் கேட்பார்கள், உன் பெயர் கெடும் என்று எனக்குத் தெரியாமல் இல்லை. அதை நினைத்தாலும் தூக்கம் வரவில்லை, இதை நினைத்தாலும் தூக்கம் வரவில்லை.

வேளாவேளைக்குச் சாப்பிடு, குளிரில் தலையை மூடாமல் வெளியே போகாதே, போனை நெஞ்சின் மேல் வைத்துக்கொண்டு தூங்காதே. எடுத்த காரியம் எல்லாம் உனக்கு நல்லபடியாக முடியட்டும், உன்னை நம்பி வேலை செய்கிறவர்களும் நன்றாக இருக்கட்டும். இதைப் படித்ததும் போன் போடுவாய், கோபமாகத்தான் போடுவாய். நான் எழுதிவிட்டேன் என்று அப்பாவிடம் சொல்லிவிட்டேன், அதிலிருந்து பரீட்சை முடிவுக்குக் காத்திருக்கிற பையன் மாதிரி போனையே பார்த்துக்கொண்டிருக்கிறார். திட்டுவதானால் என்னைத் திட்டு, அவரையும் திட்டு, தம்பியையும் விடாதே. அதற்கு முன்னால், மறக்காமல், "வலிக்குதாப்பா?" என்று ஒரு வார்த்தை கேட்டுவிடு.

உன்னையே நினைத்துக்கொண்டிருக்கும்
அம்மா